குளிரில் ஏற்றிய சார்ஜ்

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. இடது காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் பிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே மகளுக்கு வெளியூரில் வேலை. பத்து நாள் லீவு போட்டு வந்து இருந்துவிட்டுப் போனாள். எதிர் வீட்டு டீச்சர் காலையில் பூட்டிவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார். ஆக, நான் வேலைக்குப் போன பிறகு அந்த மாடியில் என் மனைவி ஒருத்திதான்.

வாக்கரை ஊன்றி மெதுவாக நடப்பாள். ஆனால் அடுப்படியில் நிற்க முடியாது, குனிய முடியாது. மத்தியானம் யாராவது வந்து சாப்பாட்டைச் சூடு பண்ணிக் கொடுத்து, மாத்திரை கொடுத்து, பாத்ரூம் வாசல் வரைக்கும் கூடப் போய் நிற்க வேண்டும். அந்த யாராவது நான்தான். என் வேலையிடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும். தினமும் வாடகை வண்டி பிடித்தால் கட்டுப்படியாகாது. பைக் எனக்கு ஓட்ட வராது. ஐம்பத்திரண்டு வயதில் இனிமேல் வந்தாலும் வேண்டாம். அதனால்தான் கரண்ட் சைக்கிள் பார்க்கப் போனேன்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க சார். புடிக்கலைன்னா கொண்டாந்து விட்டுடுங்க," என்றார் கடைக்காரர்.

"பேட்டரிக்கு ஏதாவது கவனமா பாத்துக்கணுமா?"

"சூடுதான் சார் அதுக்கு எதிரி. வெயில்ல போடாதீங்க. குளுகுளுன்னு ஒரு எடத்துல வெச்சு சார்ஜ் போடுங்க. பத்து வருஷம் உழைக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதை எங்கள் தொழில்காரன் காதால் கேட்டுக்கொண்டேன்.

நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மீன், இறால், பட்டாணி, ஐஸ்கிரீம், எல்லாம் மைனஸ் பதினெட்டில் இருக்கும். அறையில் ஒரு மணி நேரம் குளிர் நின்றுபோனால் மேனேஜர் முதல் மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோரும் ஓடுவோம். இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சொல்லிக் கொடுத்ததும், நான் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஒன்றே ஒன்றுதான். சூடு கெடுக்கும், குளிர் காப்பாற்றும்.

முதல் நாள் ஓட்டியபோது பெடலை மிதிக்கும் முன்பே வண்டி நகர்ந்தது. யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். சிக்னலில் மிதிப்பதை நிறுத்தியும் அந்தக் கை ஒரு நொடி கழித்துத்தான் விலகியது. முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது பிரேக் பிடித்தேன். வேர்த்துவிட்டது. ஆனால் வாய்க்கால் ஓரமாக ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பஸ் போகாத பாதை. அதில் போனால் இருபத்தைந்தே நிமிஷம். மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா?"

அவள் சிரித்து இரண்டு வாரமாகியிருந்தது.

வண்டியைக் கீழே பூட்டிவிட்டு, திருட்டுப் பயத்தில் பேட்டரியை மட்டும் கழற்றி மேலே தூக்கி வருவேன். கைக்குழந்தை கனம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவள் அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என்னை ஒரு மாடி தூக்கியிருப்பீங்களா? அவளை மட்டும் மூணு மாடி தூக்கிட்டு வர்றீங்க."

"நீ எத்தனை கிலோன்னு நான் வாயத் தொறந்து சொல்லவா?"

"சொல்லிப் பாருங்க. வாக்கர் கையிலதான் இருக்கு."

அந்த முதல் நாள் சாயங்காலம் வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் பாயின்டில் சார்ஜ் போட்டேன். வீட்டில் வேறு இடத்தில் ஒயர் எட்டவில்லை. அரை மணி கழித்துத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. எல்லா பேட்டரியும் அப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு, சூடு என்றதும் எனக்குப் பகீரென்றது. பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் கிடங்குக்குக் கொண்டுபோனேன். ஃப்ரீசர் அறைக்குள், கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஹீட்டர் மாட்டும் பாயின்ட் ஒன்று உண்டு. பக்கத்தில் இன்னொன்று சும்மா இருந்தது. பேட்டரியை இறால் பெட்டி மேல் வைத்துச் சொருகினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரைப் பனிக்கரடி என்றுதான் கூப்பிடுவோம். எல்லோரும் கம்பளிக் கோட்டோடு நடுங்கிக்கொண்டு போகும் அறைக்குள் அவன் பனியனோடு போய் வருவான்.

"என்னண்ணே, பேட்டரிய எறாலோட படுக்க வெச்சுட்டீங்க?"

"சூடாச்சுன்னா கெட்டுடும்னு கடைக்காரர் சொன்னார்ப்பா."

"அப்ப என் மாமியாரையும் ஒரு நாள் கூட்டியாரேன்ணே. அவங்களுக்கும் சூடு ஜாஸ்தி. ஒரு மூலையில எடம் குடுங்க."

பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். பச்சை விளக்கு. கையில் எடுத்தால் ஐஸ்கட்டி. முழுசாகச் சார்ஜ் ஏறியிருக்கிறது, துளி சூடு இல்லை. எனக்கு அவ்வளவு திருப்தி. கடைக்காரருக்குப் போன் போட்டு, வண்டி பிடித்துவிட்டது, வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். வந்ததும் முதல் வேலை அதுதான், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போடுவதெல்லாம் அப்புறம்.

பத்து நாள் போயிருக்கும். முன்னெல்லாம் போய்த் திரும்பிய பிறகும் மீட்டரில் மூன்று கோடு மிச்சம் இருக்கும். அது இரண்டானது. பிறகு ஒன்று. நான் என்ன செய்தேன் என்றால், இன்னும் அதிக நேரம் குளிரிலேயே விட்டேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் வந்ததும் ஒரு தடவை.

அப்புறம் ஒரு நாள் பேட்டரி வண்டியில் அதன் இடத்தில் சரியாக உட்காரவில்லை. சறுக்கிக்கொண்டு போய் டக்கென்று பூட்டிக்கொள்ளும் பொருள் அது. அன்றைக்கு உள்ளங்கையால் இரண்டு குத்து விட வேண்டியிருந்தது. மறுநாள் நாலு குத்து. தடவிப் பார்த்தால், நடுவில் கொஞ்சம் மேடாக இருப்பது போலத் தோன்றியது. முன்னாலும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

மனைவிதான் சொன்னாள். "என் சக்களத்தி பேசுறா."

"என்ன பேசுறா?"

"நீங்க பாத்திரம் கழுவும்போது டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. யாரோ நகத்தைக் கடிக்கிற மாதிரி."

குளிரிலிருந்து வெளியே வந்த பொருள் விரியும்போது சத்தம் வரத்தான் செய்யும் என்று விளக்கம் சொன்னேன். எங்கள் இரும்பு அலமாரிகளும் அப்படித்தான் சத்தம் போடும். சொல்லும்போது எனக்கே நம்பிக்கையாக இருந்தது. ஆனால் அன்று வாய்க்கால் ஓரம் திரும்பிப் போகும்போது, இரண்டு தொடைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெட்டியை ஓயாமல் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். எதிரே வந்த ஒருவர், "ரோட்டைப் பார்த்து ஓட்டுய்யா," என்று திட்டிவிட்டுப் போனார்.

கடைக்காரருக்கு மறுபடி போன் போட்டேன். குளிரில் சார்ஜ் போடுவதைச் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, அது ஒரு விஷயமென்றே எனக்குத் தோன்றவில்லை.

"கோடு கொறையுதா? கொண்டாங்க சார், தொறந்து பாத்துடலாம். ஒரு மூணு நாள் கடையில இருக்கட்டும்."

மூன்று நாள். மூன்று மத்தியானம் அவள் தனியாக. போன வாரம்தான் தண்ணீர் எடுக்கப் போய் வாக்கர் இடறி, சுவரைப் பிடித்துத் தப்பித்திருந்தாள். கட்டுப் பிரிக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாள் தாங்கினால் போதும், அப்புறம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதற்கு அடுத்த நாள்தான் அது நடந்தது.

காலையிலேயே உணவுத் தரம் பார்க்கிறவர்கள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். மேனேஜர் ஓடி வந்து, "யோவ் ஸ்டோர், அந்த பேட்டரிக் கண்றாவிய முதல்ல வெளிய எடு. எறால் மேல என்னய்யா அது?" என்றார். எடுத்துவிட்டேன். சார்ஜ் ஏறவில்லை. மத்தியானம் ஒற்றைக் கோடு மினுக்கி மினுக்கி, கடைசிக் கால் மைலை நானே மிதித்து வீடு போய்ச் சேர்ந்தேன். திரும்பிப் போக அதில் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் வாசல் பக்கத்துப் பாயின்டில் சொருகினேன். முதல் நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் சார்ஜ் போட்டதே இல்லை.

அவள் கூடத்தில் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, நெயில் பாலிஷ் வாசனை அடிக்குது?"

எனக்கும் அடித்தது. தித்திப்பாக, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி.

"புது பிளாஸ்டிக் வாசனைம்மா," என்றேன். "சாயங்காலம் வரைக்கும் ஏறட்டும். நான் வாடகை வண்டியில போயிக்கிறேன்."

"என் வாழ்க்கையில இன்னிக்குத்தான் நீங்க வாடகை வண்டியில போறீங்க. ராஜாவாட்டம் போயிட்டு வாங்க."

கதவை இழுத்துச் சாத்தும்போது செருப்பு ஸ்டாண்டு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் நின்றேன். பிடுங்கிவிடலாமா என்று கைகூடப் போனது. பிடுங்கினால் நாளைக்கு மத்தியானம் எப்படி வருவது? கீழே வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். சாத்திவிட்டுப் போய்விட்டேன்.

எங்கள் ஃபோர்க்லிஃப்டும் பேட்டரி வண்டிதான். மாதம் ஒரு தடவை மெக்கானிக் ஒருவர் வந்து பார்ப்பார். அதிகம் பேச மாட்டார். அன்று மூன்று மணி சுமாருக்கு வந்து வண்டியைத் திறந்துகொண்டிருந்தார். பனிக்கரடிக்கு வாய் சும்மா இருக்காது.

"சார், நம்ம ஸ்டோர் அண்ணன் பேட்டரிய எறாலோட வெச்சு வளக்குறார், தெரியுமா? மைனஸ் பதினெட்டுல சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போவார்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நெசமாவா சார்?"

"ஆமா. சூடு ஏறக் கூடாதுன்னுதான்."

"எத்தனை நாளா?"

"ஒரு மூணு வாரம் இருக்கும்."

"ஃப்ரீசருக்குள்ளயேவா? சார்ஜ் ஏறும்போதேவா?" என்று மறுபடி கேட்டார். நான் தலையாட்டினேன். "சார், உறையிற குளிர்ல வெச்சிருக்கலாம். சார்ஜ் மட்டும் ஏத்தவே கூடாது. உள்ள ஊசி ஊசியா ஈயம் மாதிரி வளர ஆரம்பிச்சுடும். அது ஒரு நாள் உள்ள இருக்கிற தடுப்பைக் குத்திடுச்சுன்னா தீப்பிடிச்சுக்கும். நல்ல பேட்டரின்னா குளிர்ல சார்ஜையே வாங்காது. உங்களுது ஏதோ தரமில்லாதது போலிருக்கு, வாங்கியிருக்கு. உப்பியிருக்கா?"

நடுவில் மேடாக இருந்ததைச் சொன்னேன்.

"வாசனை வந்துச்சா? தின்னர் மாதிரி?"

"ஆமா."

"இப்ப எங்க இருக்கு அது?"

"வீட்டுல," என்றேன். "சார்ஜ் ஏறிட்டு இருக்கு." அப்புறம் சொன்னேன், "வாசல் பக்கத்துல."

அவளுக்குப் போன் போட்டேன். முதல் தடவை மணி அடித்து நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. பனிக்கரடி தீயணைப்புக்குப் போன் போடத் தொடங்கிவிட்டான்; என் வீட்டு விலாசத்தை என்னிடம் கேட்க, எனக்குக் கதவு எண் மறந்துவிட்டது, தெருப் பேரை மட்டும் சொன்னேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அவசரத்துக்குப் பொறந்தவரே, நான் எந்திரிச்சு வர வேண்டாமா?"

"பேட்டரி எப்படி இருக்கு?"

"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டீங்க."

"அம்மாடி, சொல்லு. கிட்ட போகாத. அங்கேருந்தே பாத்துச் சொல்லு."

என் குரலில் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. "இப்பத்தான், ஒரு நிமிஷமா, உஸ்ஸுனு ஒரு சத்தம். குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி வருமே, அப்படி. மேல் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

"பொகை இருக்கா?"

"இல்ல. லேசா... தெரியலைங்க. கண்ணு எரியுது."

மெக்கானிக் என் காதருகில் வந்து சொன்னார். "பொகை கெட்டியாகுறதுக்குள்ள வெளிய வந்துடணும். கெட்டியாயிடுச்சுன்னா கதவுப் பக்கமே வரக் கூடாது. உள் ரூம்ல போய்ச் சாத்திக்கணும். வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் அவங்களுக்கு?"

ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். தினமும் பக்கத்தில் நடக்கிறவன் நான். வாசல் நடை வாக்கர் அகலம்தான். அந்த ஸ்டாண்டை அவள் இடுப்பு உரசக் கடக்க வேண்டும். உள் அறையில் ஜன்னல் இருக்கிறது, கம்பியும் இருக்கிறது. மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எட்டிப் பார்த்து விழுந்துவிடக் கூடாதென்று, நான் பக்கத்தில் நின்று கெட்டியாக வைக்கச் சொன்ன கம்பி. இரண்டு வழியையும் அவளிடம் சொன்னேன்.

"நீங்க சொல்லுங்க," என்றாள். "வரவா, உள்ள போகவா?"

இருபத்தாறு வருஷத்தில் ஒரு கிலோ தக்காளி வாங்கக்கூட அவள் என்னை யோசனை கேட்டதில்லை.

"வெளிய வந்துடு," என்றேன். "போனை நைட்டிப் பையில போட்டுக்கோ. நிக்காத."

வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு மாவுக்கட்டு இழுபடும் சத்தம். மறுபடி வாக்கர். மெக்கானிக் என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் தன் வேனில் ஏற்றியதோ, வண்டி கிளம்பியதோ எனக்குச் சரியாக நினைவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஊன்றலுக்கும் அந்த உஸ் சத்தம் பெரிதானது. அவளை நான் அதை நோக்கி நடக்கச் சொல்லியிருந்தேன். ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. வாக்கர் நின்றுவிட்டது. அவள் இருமினாள்.

"தாழ்ப்பாள் வர மாட்டேங்குது," என்றாள்.

"நான் சாத்திட்டு வந்தப்ப தாழ்ப்பாளே இல்லையேம்மா."

"நான்தான் போட்டேன். தனியா இருக்கேன்ல."

இரும்பு இழுபடும் சத்தம். மறுபடி. பிறகு கதவு சுவரில் மோதியது. வாக்கர் சத்தம் மாறியது. மாடிப்படிக் கூடத்தின் எதிரொலி அதில் வந்தது. இரண்டு ஊன்றல், மூன்று ஊன்றல். கதவை இழுத்து அடைத்தாள். அதற்கப்புறம் உள்ளே ஒன்று வெடித்தது. வெடி கட்டுக் கட்டாக வெடிப்பது போல அடுத்தடுத்து வெடித்தது. அவள் கத்தினாள். போன் எங்கேயோ விழுந்து உருண்டது. பிறகு ஒன்றுமில்லை.

வீடு போய்ச் சேர இன்னும் கால் மணி நேரம் ஆனது. தெரு முனையிலேயே தெரிந்தது. எங்கள் ஜன்னல் கம்பிகள் வழியாகக் கறுப்புப் புகை பின்னிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. ஆட்கள் குழாயை மேலே இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அவள் தரைத்தளத்துக் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். வாக்கரை மேலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறாள். மாவுக்கட்டின் குதிகால் பக்கம் நொறுங்கித் துணி தெரிந்தது. மூக்குக்குக் கீழே கறுப்பாக இருந்தது. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னால் உட்கார முடியவில்லை.

நோட்டோடு ஒரு அதிகாரி வந்தார். "எந்தக் கடையில வாங்கினீங்கம்மா?"

"ஒரு மாசம்கூட ஆகலைங்க," என்றாள் அவள், இருமலுக்கு நடுவில். "இப்படி ஏமாத்தி விப்பாங்களா? அவனைச் சும்மா விடாதீங்க. எழுதுங்க."

"எழுதாதீங்க சார்," என்றேன். "கடைக்காரர் இல்ல. நான்தான். எங்க ஃப்ரீசர்ல வெச்சு சார்ஜ் போட்டேன். தினமும். நல்லதுன்னு நெனச்சு."

அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் ஆமாம் என்று தலையசைத்தார். அதிகாரி எழுதிக்கொண்டு மேலே போய்விட்டார். இரண்டு பேர் கரிந்த பெட்டி ஒன்றை இடுக்கியில் பிடித்துக் கொண்டுவந்து தண்ணீர் நிறைந்த டிரம்மில் போட்டார்கள். இரண்டு நாளைக்கு அதை வெளியே எடுக்கக் கூடாது, மறுபடி பற்றினாலும் பற்றும் என்றார்கள். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

என் மனைவி அந்த டிரம்மைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தெரியாமத்தானே போட்டீங்க?"

"தெரியாமத்தான்."

"சரி. இன்னிக்கு மத்தியானம் அதைச் சொருகிட்டுக் கெளம்புனீங்களே. அப்ப மனசுல ஏதாவது பட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் விரும்பினாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பட்டுச்சு," என்றேன்.

அவள் மேலே எங்கள் ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குழாயைச் சுருட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போன ஒரு தீயணைப்புக்காரரைப் பார்த்துத் தோலுரிந்த கையை நீட்டினாள்.

"தம்பி, கொஞ்சம் புடிங்க. எந்திரிக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். அவள் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.